கழுவிப் போகாத அழுக்கு: ஹான்ஃபோர்ட் நிலத்தை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்ட் என்று ஒரு இடம். அங்கே காய்ந்த முட்செடிகளைத் தேடிப் பிடிப்பது சிலருக்கு அன்றாட வேலை. பாலை நிலத்துச் செடி அது. காய்ந்ததும் தண்டு முறிந்து, பெரிய பந்து போலாகி, காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் உருண்டுகொண்டே போகும். கடற்கரை மணலில் ராவணன் மீசை உருண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். ஹான்ஃபோர்டில் அதை அப்படி உருள விட முடியாது. அதன் ஆணிவேர் 15 அடிக்குக் கீழேகூட இறங்கி ஈரம் தேடும். கீழே பழைய அணு ஆயுதக் கழிவு ஊறிய மண் இருந்தால், ஈரத்தோடு சேர்த்து கதிரியக்க ஸ்ட்ரான்ஷியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்தச் செடி முறிந்து காற்றோடு கிளம்பினால், பல ஆண்டுகளுக்கு முன் புதைத்த கழிவு வேலி தாண்டிப் போய்விடும். அதனால் கருவி வைத்துச் சோதித்து, கதிரியக்கம் இருக்கிற செடியை நசுக்கி, கழிவாகவே மறுபடி புதைக்கிறார்கள்.

புதைத்ததைச் செடி மேலே கொண்டுவருகிறது, செடியைப் பிடித்து மறுபடி புதைக்கிறார்கள். அணு ஆயுதத்துக்கான பொருள் தயாரித்த நிலத்தைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்பதை இங்கிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் "சுத்தம்" என்ற சொல்லுக்கு நம் வீட்டில் இருக்கும் பொருள் அங்கே இல்லை.

அங்கே என்ன செய்தார்கள்?

1942 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தினர் இடம் பார்க்க வந்தார்கள். கொலம்பியா ஆற்றில் குளிர்ந்த தண்ணீர் வற்றாமல் ஓடியது. கிராண்ட் கூலி அணையிலிருந்து மின்சாரம் கிடைத்தது. சுற்றிலும் ஆட்கள் குறைவு. இந்த மூன்றும் போதுமானதாக இருந்தன. 1943 தொடக்கத்தில் ஹான்ஃபோர்ட், ஒயிட் பிளஃப்ஸ் ஆகிய ஊர்களிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த சுமார் 1,500 பேருக்கு, வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. பெரும்பாலும் பழத்தோட்டக்காரர்கள். சிலருக்குக் கொடுத்த அவகாசம் 30 நாள்தான். எதற்காக என்று யாருக்கும் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் மீன்பிடித்து வாழ்ந்த வானாபம் பழங்குடி மக்களும் தங்கள் இடங்களை இழந்தார்கள். இப்படி எடுத்துக்கொண்ட நிலம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்.

1944 செப்டம்பரில் அங்கே பி உலை ஓடத் தொடங்கியது. புளூட்டோனியம் தயாரிக்க உலகில் முழு அளவில் கட்டிய முதல் அணு உலை அது. 1945 ஜூலையில் நியூ மெக்ஸிகோவில் சோதித்த முதல் அணுகுண்டிலும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் போட்ட குண்டிலும் இருந்தது ஹான்ஃபோர்டின் புளூட்டோனியம். போர் முடிந்தும் வேலை நிற்கவில்லை. பனிப்போர் வந்தது, உலைகள் ஒன்பதாயின. கடைசி உலை 1987-இல் நின்றபோது மொத்தம் சுமார் 67 டன் புளூட்டோனியம் தயாராகியிருந்தது.

புளூட்டோனியம் பூமியில் தோண்டி எடுக்கிற பொருள் அல்ல. யுரேனியத் துண்டுகளை உலைக்குள் வைத்தால், நியூட்ரான்கள் மோதி யுரேனியத்தில் ஒரு சிறு பங்கு புளூட்டோனியமாக மாறும். மீதி யுரேனியம் அப்படியே இருக்கும். கூடவே பிளந்த அணுக்களின் துண்டுகளாக சீசியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின், டெக்னீசியம் என்று கடும் கதிரியக்கம் உள்ள பொருள்கள் சேர்ந்திருக்கும். இந்தக் கலவையிலிருந்து புளூட்டோனியத்தை மட்டும் பிரிக்க வேண்டும். ஆகவே துண்டுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வேதிப்பொருள்களை ஊற்றி ஊற்றிப் பிரித்தார்கள். ஒரு டன் யுரேனியத்தைக் கரைத்தால் கிடைத்தது சில நூறு கிராம் புளூட்டோனியம். மிஞ்சிய அத்தனை திரவமும் கழிவு. கிராம் கணக்கில் பொருளும் லிட்டர் கணக்கில் கழிவும் வருகிற தொழில் இது. குண்டு செய்ய எடுத்த காலத்தைவிட அதன் கழிவைக் கையாள எடுக்கும் காலம் நீண்டுபோனதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஏன் அழிக்க முடியாது?

சட்டையில் எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டு எடுக்கிறோம். எண்ணெய் சாக்கடைக்குப் போகிறது, அங்கே நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. பூச்சிமருந்தைக் கடும் வெப்பத்தில் எரித்தால் அது உடைந்து வேறு பொருளாகிவிடும். இவற்றிலெல்லாம் மாறுவது அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் விதம். அணு மாறுவதில்லை. கதிரியக்கமோ அணுவின் உட்கருவுக்குள் இருக்கும் குணம். எரித்தால் சாம்பலிலும் புகையிலும் இருக்கும். கழுவினால் கழுவிய தண்ணீரில் இருக்கும். அமிலமும் நெருப்பும் அதைத் தொடாது.

அது தானாகத்தான் அடங்கும், அதுவும் அதனதன் கணக்கில். ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து முடிய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். அயோடின்-131-க்கு 8 நாள். சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 இரண்டுக்கும் ஏறக்குறைய 30 ஆண்டு. புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு. டெக்னீசியம்-99-க்கு இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல். பத்து அரை ஆயுள் கழிந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது ஸ்ட்ரான்ஷியத்தை 300 ஆண்டு பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. புளூட்டோனியத்துக்கு அப்படி யாரும் பேச முடியாது.

அரை ஆயுள் குறைவு என்றால் தீங்கும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 1949 டிசம்பரில் ஒரு இரவு, சோவியத் யூனியனின் தயாரிப்பை மோப்பம் பிடிக்க உதவும் என்று, போதுமான நாள் ஆறவைக்காத எரிபொருளை வேண்டுமென்றே கரைத்து அதன் வாயுவை வடிகட்டாமல் புகைபோக்கி வழியே வெளியே விட்டார்கள். சுமார் 8,000 கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 காற்றில் கலந்தது. அயோடின் புல்லில் படியும், புல்லை மாடு தின்னும், பாலில் இறங்கும், பால் குடிக்கும் குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. 1986-இல் 19,000 பக்க ஆவணங்கள் வெளியான பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. அந்த அயோடின் சில மாதங்களிலேயே சிதைந்து போய்விட்டது. இன்றைக்கு அங்கே சுத்தம் செய்ய அதில் ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும்போது எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்.

சரி, அழிக்க முடியாது என்றால் என்னதான் செய்ய முடியும்? மூன்று காரியம். மனிதரிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் தள்ளி வைக்கலாம். நகர முடியாதபடி கட்டிப்போடலாம். அடங்கும்வரை காவல் காக்கலாம். கோடிக்கணக்கான டாலரில் ஹான்ஃபோர்டில் நடக்கும் வேலை எல்லாமே இந்த மூன்றின் கலவைதான்.

ஆற்றங்கரையில் ஒரு எலும்புச் சுவர்

உலைகள் ஆற்றை ஒட்டி இருந்தன. ஒன்பதில் எட்டு உலைகளில், ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய் உலையைக் குளிர்வித்து, தொட்டியில் சற்று நேரம் தங்கி, மறுபடி ஆற்றுக்கே போனது. பி உலைக்கு மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 2.8 லட்சம் லிட்டர் தேவைப்பட்டது. குழாய் அரிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். அது கசிந்தும் கொட்டியும் மண்ணுக்குள் போனதால், நிலத்தடி நீரில் குரோமியத்தின் நச்சு வடிவம் பரவியது. இது கதிரியக்கப் பொருள் அல்ல, ஆனால் ஆற்றின் சாமன் மீன்களுக்கு ஆகாது. கொலம்பியா ஆற்றின் இந்தப் பகுதியில் அணை இல்லை. சினூக் சாமன்கள் வந்து கூழாங்கல் படுகையில் முட்டையிடுகின்றன. நிலத்தடி நீர் ஊறி வருவதும் அதே கூழாங்கல் வழியாகத்தான். அமெரிக்கக் குடிநீர் விதி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை குரோமியத்தை அனுமதிக்கிறது. மீன்குஞ்சுகளைக் காக்கும் அளவோ 10 மைக்ரோகிராம். அதனால் ஓரிடத்தில் 85 அடி ஆழம்வரை, நிலத்தடி நீர் தட்டும்வரை, மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். மற்ற இடங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை மேலே இறைத்து, வடிகட்டி, மறுபடி பூமிக்குள் விடுகிறார்கள். இப்படி ஆண்டுக்கு 750 கோடி லிட்டருக்கு மேல் நடக்கிறது.

'என்' (N) என்ற எழுத்தைப் பெயராகக் கொண்ட உலையின் பக்கம் தொல்லை வேறு. அங்கே ஸ்ட்ரான்ஷியம் மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறைத்துப் பார்த்தார்கள், நீர்தான் வந்தது, ஸ்ட்ரான்ஷியம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிட்டது. தங்கியது மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டும் இருந்தது. அப்போது செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஸ்ட்ரான்ஷியம் வேதியியலில் கால்சியத்தின் நெருங்கிய உறவு. உடம்புக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் உள்ளே போன ஸ்ட்ரான்ஷியம் எலும்பில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருக்கும் மஜ்ஜையைத் தாக்குகிறது. எந்தக் குணத்தால் அது ஆபத்தோ, அந்தக் குணத்தையே பொறியாக்கினார்கள். நம் எலும்பும் பல்லும் அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது வகையால் ஆனவை. ஆற்றங்கரையில் வரிசையாகக் கிணறு போட்டு, கால்சியம், சிட்ரேட், பாஸ்பேட் கலந்த கரைசலை உள்ளே செலுத்தினார்கள். சிட்ரேட் என்பது எலுமிச்சையில் இருக்கும் புளிப்பின் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்திருப்பதால், கிணற்று வாயிலேயே கெட்டியாகிவிடாமல் கரைசல் மண்ணுக்குள் பரவுகிறது. பிறகு மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்கின்றன. கால்சியம் விடுபட்டு பாஸ்பேட்டோடு சேர்கிறது. மணல் இடுக்குகளில் அபடைட் உருவாகிறது. ஆற்றுக்கும் கழிவுக்கும் நடுவே, பூமிக்கு அடியில், எலும்பின் தாதுவால் ஒரு சுவர். தண்ணீர் அதன் வழியே தாராளமாகப் போகும். கூட வரும் ஸ்ட்ரான்ஷியம் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளும். 2006 வாக்கில் தொடங்கிய இந்த முயற்சியில் கரையோர நீரில் ஸ்ட்ரான்ஷியம் பெருமளவு குறைந்தது. ஸ்ட்ரான்ஷியம் அங்கேயே இருக்கிறது, ஆனால் ஆற்றுக்குப் போகவில்லை. 300 ஆண்டு அப்படியே பிடித்து வைத்தால் போதும்.

177 தொட்டிகள்

ஹான்ஃபோர்டின் மிகக் கடினமான பகுதி ஆற்றங்கரையில் இல்லை. உள்ளே மேட்டு நிலத்தில் இருக்கிறது. கரைத்துப் பிரித்த கழிவை ஊற்றி வைக்க 1943-லிருந்து 1986-வரை 177 நிலத்தடித் தொட்டிகள் கட்டினார்கள். வீட்டு வாசலில் இருக்கும் 10,000 லிட்டர் சம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரிய தொட்டி ஒன்றுக்கு அப்படி சுமார் 380 சம்ப்பு பிடிக்கும். எல்லாத் தொட்டிகளிலும் சேர்த்து இருப்பது ஏறக்குறைய 21 கோடி லிட்டர்.

முதலில் கட்டிய 149 தொட்டிகளுக்கு ஒரே எஃகுச் சுவர், வெளியே கான்கிரீட். போர்க்காலத்தில் எவர்சில்வர் கிடைப்பது அரிது, அதனால் சாதாரண எஃகில் கட்டினார்கள். அமிலம் அந்த எஃகைத் தின்றுவிடும் என்பதால் கழிவில் காஸ்டிக் சோடாவைக் கொட்டி அமிலத்தை முறித்தார்கள். அப்போதைக்குத் தொட்டி பிழைத்தது. ஆனால் கழிவின் அளவு பெருகியது, கரைந்திருந்த பல பொருள்கள் திரிந்து அடியில் இறங்கின. இன்றைக்கு உள்ளே பார்த்தால் அடியில் சேறு போன்ற கசடு, அதன்மேல் பாளமாக இறுகிய உப்பு, சிலவற்றில் மேலே திரவம். ஒவ்வொரு தொட்டியிலும் கலவை வேறு. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் புளூட்டோனியம் பிரித்தார்கள், ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். ஒரு தொட்டியில் வெற்றி பெற்ற வழி அடுத்ததில் பலிப்பதில்லை. ஒரு தொட்டியில் கசடுக்கு அடியில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அவ்வப்போது ஏப்பம் விடுவது போல வெளியே வந்தது. தீப்பற்றும் வாயு அது. 1993-இல் கலக்கும் பம்ப் இறக்கிய பிறகுதான் அடங்கியது.

இந்தத் தொட்டிகள் 20, 25 ஆண்டு தாங்கட்டும் என்றுதான் கட்டியவை. 67 தொட்டிகள் கசிந்திருக்கும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. மண்ணில் இறங்கியது சுமார் 38 லட்சம் லிட்டர். பிறகு இரட்டைச் சுவர் வைத்து 28 தொட்டிகள் கட்டினார்கள். பழைய தொட்டிகளில் உறிஞ்ச முடிந்த திரவத்தை 2004-க்குள் இவற்றுக்கு மாற்றினார்கள். 2012-இல் இரட்டைச் சுவர்த் தொட்டி ஒன்றிலேயே உள்சுவர் கசிவது தெரியவந்தது.

கசியாத இடத்துக்குக் கழிவைக் கொண்டுபோக அவர்கள் தேர்ந்தெடுத்த வழி கண்ணாடி. ஏன் கண்ணாடி? கண்ணாடி வளையலைப் பாருங்கள். பச்சை வளையலை ஒரு வருஷம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் பச்சை இறங்காது. நிறம் மேலே பூசியது அல்ல, நிறம் தரும் உலோக அணுக்கள் கண்ணாடியின் உடம்போடு உடம்பாகக் கலந்திருக்கின்றன. கழிவையும் அப்படித்தான் செய்கிறார்கள். கழிவோடு கண்ணாடி செய்யும் பொருள்களைக் கலந்து, சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் உருக்கி, ஆளைவிட உயரமான, 7 அடி எவர்சில்வர் உருளைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். கதிரியக்கம் ஒரு துளியும் குறையாது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடுகிற பொருள், ஓடாத பொருளாகிவிடுகிறது. முன்பு நான் சொன்ன இரண்டாவது காரியம், கட்டிப்போடுவது, இதுதான்.

சொல்ல எளிது. கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலையின் கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. வடிவமைப்புச் சிக்கல்கள், வழக்குகள், தள்ளிப்போன கெடுக்கள். 2022-லிருந்து தொட்டித் திரவத்தில் உள்ள சீசியத்தை முன்கூட்டியே வடித்து எடுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் 2025-இல்தான் உண்மையான கழிவு கண்ணாடியாகத் தொடங்கியது. அதுவும் கதிரியக்கம் குறைந்த பகுதி மட்டும். அந்த உருளைகள் ஹான்ஃபோர்டிலேயே புதையும். அடியில் கிடக்கும் கடும் கசடுக்கான ஆலை இன்னும் முடியவில்லை. அது கண்ணாடியான பிறகு எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்பதற்கும் அமெரிக்காவில் முடிவான இடம் இல்லை. ஒரு பங்குக் கழிவைக் கண்ணாடிக்குப் பதில் சிமென்ட் கலவையில் கட்டி வேறு மாநிலத்துக்கு அனுப்பலாமா என்று நீண்ட வாதம் நடந்தது. சிமென்ட் மலிவு, விரைவு. ஆனால் டெக்னீசியம் போல நீரோடு எளிதில் ஓடுகிற, லட்சம் ஆண்டு வாழ்கிற பொருளை அது எவ்வளவு காலம் பிடித்து வைக்கும் என்பதுதான் கேள்வி. நான் கண்ணாடியின் பக்கம். ஆனால் கண்ணாடிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் அந்த 80 வயதுத் தொட்டிகளுக்கும் ஒரு வயது கூடுகிறது என்று எதிர்த்தரப்பு சொல்வதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

எவ்வளவு சுத்தம் போதும்?

1989 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலத்தின் சூழலியல் துறை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 30 ஆண்டில் முடிப்பது அன்றைய திட்டம். 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மிச்ச வேலைக்கு ஆகும் செலவு 30,000 கோடி டாலரிலிருந்து 64,000 கோடி டாலர் வரை. இத்தனை அகலமான மதிப்பீட்டுக்குக் காரணம் கணக்குத் தெரியாதது அல்ல. "முடிந்தது" என்று எதைச் சொல்வது என்பது மாறினால் தொகையும் மாறும்.

கொலராடோவின் ராக்கி ஃபிளாட்ஸில் புளூட்டோனியப் பாகங்கள் செய்த ஆலையை இடித்து, 2005-இல் வேலை முடிந்தது என்று அறிவித்தார்கள். சுற்று நிலம் இப்போது வனவிலங்குச் சரணாலயம். ஆலை நின்ற நடுப்பகுதிக்குள் மட்டும் இன்றும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஹான்ஃபோர்டில் யாகமா, உமட்டிலா, நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களுக்கு 1855-இல் போட்ட ஒப்பந்தங்களின்படி அந்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் வந்து நடந்துவிட்டுப் போகிறவருக்குப் போதுமான சுத்தம், அந்த ஆற்று மீனைத் தினமும் உண்டு, அந்த மண்ணின் கிழங்கைத் தோண்டித் தின்று வாழ்கிறவருக்குப் போதாது. யாருக்காகச் சுத்தம் செய்கிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் எவ்வளவு தோண்டுவது என்று அளக்க முடியும். அந்தத் தீர்மானத்தில் அந்த மக்களின் சொல்லுக்கு முதல் இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிலம் அவர்களிடமிருந்து எடுத்தது.

காத்திருப்பதும் சும்மா இருப்பது அல்ல. 2017 மே 9 அன்று, கதிரியக்கம் ஏறிய பழைய ரயில் பெட்டிகளை அடைத்து வைத்த ஒரு சுரங்கத்தின் கூரை இடிந்து விழுந்திருப்பதை ஊழியர்கள் பார்த்தார்கள். 1950-களில் மரத்தூண்களால் கட்டியது. உள்ளே எட்டுப் பெட்டிகள். ஆயிரக்கணக்கான ஊழியர்களை அன்று கட்டடங்களுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பள்ளத்தை மண் கொட்டி மூடி, பிறகு சுரங்கம் முழுக்க சிமென்ட் குழம்பால் நிரப்பினார்கள்.

உலைகளைக் காக்கும் முறை வேறு. பி உலை இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற உலைகளில் சுற்றுக் கட்டடங்களை எல்லாம் இடித்துவிட்டு, நடுவில் இருக்கும் உலையை மட்டும் எஃகுக் கூரை போட்டுப் பட்டுப்பூச்சிக் கூடு போல மூடுகிறார்கள். 1998-இல் முதலாவதாக சி உலை, 2022-இல் ஏழாவதாகக் கே கிழக்கு உலை. 75 ஆண்டு அப்படியே விட்டால் உள்ளே கதிரியக்கம் குறைந்து, பிற்பாடு பிரித்தெடுக்கும் ஆட்களுக்கு ஆபத்து குறையும் என்பது கணக்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பற்றவைத்த கதவை அறுத்துத் திறக்கிறார்கள். விளக்கோடும் அளவைக் கருவியோடும் சிலர் உள்ளே போய், கூரை ஒழுகியிருக்கிறதா, ஏதாவது உயிர் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். அப்புறம் கதவை மறுபடி பற்றவைக்கிறார்கள்.